சோழர் பேர் வச்ச ஓட்டலில் ரெண்டு ராத்திரி

கிண்டியில் ஐடிசி கிராண்ட் சோழா என்று ஒரு ஓட்டல் இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போவீர்கள். 2012ல் திறந்தது, 600 அறை. தூணும் படிக்கட்டும் மண்டபமுமாகச் சோழர் காலத்து வேலைப்பாட்டை மனதில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தச் சோழர்களின் தலைநகரம் எங்களுக்குப் பக்கத்து மாவட்டம். அரியலூர் மாவட்டத்தில், ஜெயங்கொண்டம் தாண்டி, கங்கைகொண்ட சோழபுரம். கோயில் நிற்கிறது. ராஜேந்திர சோழன் இருந்த அரண்மனையில் மிச்சம் என்னவென்றால், மாளிகைமேட்டில் தோண்டி எடுத்த செங்கல் அஸ்திவாரம்தான். கோயில் மதில் கல்லையும் 1836ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டுறதுக்கு வெள்ளைக்காரன் பேத்துக்கிட்டுப் போயிட்டான். கோபப்படவும் முடியவில்லை. கீழணையில் இருந்துதான் வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போகிறது, வீராணத்திலிருந்து உங்கள் வீட்டுக் குழாய்க்கு வருகிறது. ராஜேந்திரன் மதில் கல்லுக்கும் உங்கள் காலை காப்பிக்கும் ஒரு சம்பந்தம் இருக்கத்தான் செய்கிறது.

அந்த ஓட்டலில் போன ஆவணி மாதம் ரெண்டு ராத்திரி தங்கினேன். என் காசில் இல்லை. விவசாயிகளிடம் நேரடியாகக் கொள்முதல் செய்வது பற்றி ஒரு கூட்டம், எங்கள் உழவர் உற்பத்தியாளர் குழுவிலிருந்து சின்ன வெங்காயம் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எங்க வீட்டம்மாவுக்கும் கண் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது, கூட்டிக்கொண்டு போனேன். பாடாலூரில் பஸ் ஏறி, கிளாம்பாக்கத்தில் இறங்கி, மஞ்சப்பையும் ஒரு சிப்பம் வெங்காயமுமாகப் போய் நின்றோம். அந்தச் சிப்பத்தை ஸ்கேன் மிஷினில் விட்டபோது வாசலில் இருந்த பையன் சிரித்துவிட்டான். "தஞ்சாவூர்ங்க நான். எங்க அம்மா இதைப் பார்த்தா விடமாட்டாங்க" என்றான். ஒரு கை அள்ளிக் கொடுத்தேன், வாங்க முடியாது என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

கவுண்டரில் இருந்த பொண்ணு கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "சார், உங்களுக்கு சூட் அப்கிரேட் பண்ணியிருக்கோம்" என்றது. நான் எங்கள் வெள்ளை வேட்டிக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொள்ளவில்லை. இந்தத் தொழில் தெரிந்த ஒருவர் பிறகு விளக்கினார். எந்தப் பெரிய ஓட்டலிலும் நாலு பேர் வராமல் போவார்கள் என்று கணக்குப் போட்டு, சாதா அறையை இருப்பதைவிடக் கூடுதலாகவே விற்பார்களாம். எல்லாரும் வந்துவிட்டால், காலியாகக் கிடக்கிற பெரிய அறையில் சிலரை ஏற்றிவிட வேண்டியதுதான். மக்காச்சோளம் ஊன்றும்போது குழிக்கு ரெண்டு விதை போடுகிறோமே, அந்தக் கணக்கு. ரெண்டும் முளைத்துவிட்டால் நாங்கள் ஒன்றைப் பிடுங்கி வரப்பில் போடுவோம். இவர்கள் மேல் மாடிக்கு அனுப்புகிறார்கள்.

அறை என்று சொல்வதே தப்பு. உட்கார ஒரு கூடம், படுக்க ஒன்று, குளிக்கிற இடம் மட்டும் எங்கள் வெங்காயப் பட்டறை அளவு. திறந்த காலத்திலேயே அறைக்கு ஒரு ஐபேட் வைத்த ஓட்டல் அது என்று பேர். விளக்கு, திரைச்சீலை, குளிர் எல்லாம் அந்தப் பலகையைத் தொட்டால் நடக்கும். வீட்டம்மா ஒரு தடவை தொட்டதில் திரைச்சீலை தானாக விலகி, கீழே மவுண்ட் ரோடு மொத்தமும் தெரிந்தது. "யாராவது பாத்தா?" என்று புடவையைச் சரிசெய்துகொண்டது. அவ்வளவு உயரத்தில் யார் பார்ப்பது. மூன்று தடவை மூடித் திறந்து விளையாடிவிட்டு, அன்று ராத்திரி கீழே கம்பளத்தில்தான் படுத்தது. மெத்தை உள்ளே வாங்குதாம். நான் மெத்தையில் படுத்தேன், நன்றாகவே தூங்கினேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. கிராமத்தான் என்றால் கயிற்றுக்கட்டிலில்தான் தூக்கம் வரும் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும், ஆனால் உண்மை அது இல்லை.

வாடகையை இங்கே எழுதப்போவதில்லை. வரியை மட்டும் சொல்கிறேன். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 7,500 என்றே வைத்துக்கொண்டாலும் வரி 1,350 ரூபாய். அந்த வாரம் எனக்கு வெங்காயம் கிலோ 24 ரூபாய்க்குப் போனது. 56 கிலோ வெங்காயம் வரிக்கே சரி. திருகல் நோய் வந்து பாதிக் காடு போன வருசம் அது, அதனால் எதைப் பார்த்தாலும் கிலோக் கணக்கில்தான் மனசு போட்டுப் பார்த்தது.

மறுநாள் காலையில் அறை சுத்தம் பண்ண ஒரு பொண்ணு வந்தது. இருபத்திரண்டு வயசு இருக்கும், கொண்டை போட்டு, பேர் பொறித்த பட்டையும் குத்தியிருந்தது. வீட்டம்மா அதற்குள் படுக்கையை உதறி விரித்து, துண்டை மடித்து, குளிக்கிற இடத்தைத் துடைத்தே வைத்துவிட்டது. பொண்ணு பதறிப்போய் இங்கிலீஷில் ஏதோ சொன்னது. "எந்த ஊரு பாப்பா?" என்று கேட்டதும் தமிழ் வந்தது. "அரியலூர் பக்கம்." "பக்கம்னா?" "ஆண்டிமடம் பக்கம்." "பக்கம்னா?" வீட்டம்மாவுக்குப் பிறந்த ஊரே அந்த முந்திரிக்காட்டுப் பகுதிதான், விடுமா. ரெண்டு நிமிசத்தில் யார் மகள் என்று கண்டுபிடித்துவிட்டது. அவங்க அப்பா எனக்கு மச்சான் முறை.

பொண்ணு முகம் வாடிப்போச்சு. கதவை லேசாகச் சாத்திவிட்டு, "அத்தை, நான் இந்த வேலை பாக்குறேன்னு ஊர்ல சொல்லிராதீங்க. அப்பா ஆபீசுல இருக்கேன்னு சொல்லி வச்சிருக்காரு" என்றது. கேட்டரிங் காலேஜில் மூணு வருசம் படிச்சிருக்கு. எல்லாரும் முதலில் எல்லாப் பிரிவிலும் வேலை பழகணும், அப்புறம்தான் மேலே போகணும், அதற்கு அது தயார்தான். அப்பாவுக்குத்தான், படிக்க வைத்த பிள்ளை யாரோ படுத்த படுக்கையை விரிக்குதா என்று. அவர் வீட்டு போர் போட்ட கடனை அடைப்பது இந்தச் சம்பளம்தான். "படுக்கை விரிக்கிறதுல என்னடி இருக்கு, நான் நாப்பது வருசமா விரிக்கிறேன், ஒரு ரூபா தந்ததில்ல இவரு" என்றது வீட்டம்மா. பொண்ணு சிரித்துக்கொண்டே, நாங்கள் விரித்த விரிப்பை மொத்தமாக உருவிப் புதுசு போட்டது. மூலையை மடித்துச் செருகினது பார்க்கணுமே, பட்டறைக்குக் கீத்து வேயுற ஆள் கை மாதிரி, ஒரு இழுப்பில் சுருக்கமே இல்லை. போகும்போது, "எங்க கூட வேலை பாக்குறவங்களுக்கு" என்று கேட்டு ரெண்டு கை வெங்காயத்துக்கு ஆசைப்பட்டது. அப்புறம் அதுவே, "வேணாம் மாமா, வெளிய எடுத்துட்டுப் போக அனுமதி கேக்கணும்" என்று வைத்துவிட்டது.

(இதை எழுதலாமா என்று அதனிடம் போனில் கேட்டேன். அடையாளத்தை மாத்தி எழுதுங்க மாமா என்றது, மாத்தியிருக்கிறேன். நம்மூரில் இதை யாரும் படிக்கிறதில்லை, நீங்கள்தானே படிக்கிறீர்கள்.)

கூட்டம் பற்றிச் சுருக்கமாக. கொள்முதல் பார்க்கிறவர்கள் சொன்னது ஒன்றுதான்: உரித்த வெங்காயம் வேண்டும், ஒரே அளவாக வேண்டும், வருசம் முழுக்க ஒரே விலையில் வேண்டும். நாங்கள் தாளோடு பட்டறையில் அடைத்து, விலை ஏறும்போது எடுத்து விற்றே பழகினவர்கள். ஒரே விலை என்றால் 24க்கு விற்கிற வருசம் லாபம், 100க்கு விற்கிற வருசம் வயிற்றெரிச்சல். எங்கள் குழுவில் இன்னும் சண்டை ஓயவில்லை. நான் ஒத்துக்கொள்ளலாம் என்கிற கட்சி. உரிக்கிற கூலிக்கு ஆள் கிடைக்குமா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

ஐப்பசியில் ஒரு துக்கத்துக்கு ஆண்டிமடம் போனோம். பந்தலுக்கு வெளியே மச்சான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன மாப்ள, மெட்ராஸ் போயிருந்தீங்களாமே. எங்க தங்குனீங்க?"

ஓட்டல் பேரைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"அங்கதான் நம்ம பாப்பா..."

"பாத்தேன் மச்சான். நல்லா இருக்கு. இளைக்கல. அங்க அதுக்கு நல்ல பேரு."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எழுந்து போய் ரோட்டோரக் கடையில் டீ வாங்கி வந்து, என் டம்ளரை அவரே ஆற்றிக் கையில் கொடுத்தார்.