பாதியைக் கொல்லும் அளவு

முள்சீத்தா இலைச் சாரம் மார்பகப் புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறது என்ற வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. செயப்படுபொருளை மட்டும் யாரும் படிப்பதில்லை. 'செல்களை' என்றிருப்பது 'நோயை' என்றே கண்ணில் படுகிறது.

எந்தச் செல்கள்? பெரும்பாலும் எம்.சி.எஃப்-7 என்ற வம்சம். 1970இல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக் கன்னியாஸ்திரீ ஒருவரின் நெஞ்சில் கட்டியிருந்த நீரிலிருந்து எடுத்தவை. அவர் அந்த வருஷமே காலமானார். செல்கள் இன்னும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு இரைப்பை இல்லை, ஈரல் இல்லை, ரத்த ஓட்டம் இல்லை. இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து, வற்றவைத்த சாரம் நேராக அவற்றின் மேலேயே போய் விழுகிறது. இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு மஞ்சள் சாயத்தை விடுகிறார்கள். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். ஊதா பாதியாகக் குறையும் அளவு எதுவோ அதுதான் முடிவு. போதிய அளவு ஊற்றினால் சலவைச் சோப்பும் பாதியைக் கொல்லும்.

மஞ்சளை ஊதாவாக்குவதில் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பெரும் பங்கு. முள்சீத்தாவிலுள்ள அன்னோனசின் முடக்குவதும் அதைத்தான். புற்றுநோய்ச் செல்லில் மட்டுமல்ல, மூளையின் நரம்புச் செல்லிலும். கரீபியன் கடலில் குவாதலூப் தீவில் வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத ஒருவகை நடுக்குவாதம் அதிகம் இருந்தது. அங்கே இந்தப் பழத்தைத் தின்பதற்கும் இலைக் கஷாயம் குடிப்பதற்கும் அதோடு தொடர்பு இருக்கலாம் என்று 1999இல் ஓர் ஆய்வு சொன்னது.

என் மதினி, அறுவைக்கு நாள் குறித்த பிறகு, நாலு மாதம் தள்ளிப்போட்டார். பத்திரிகைத் துண்டொன்றை அண்ணன் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தார். அதன் தலைப்பில் 'செல்கள்' என்ற சொல்லே இல்லை. காலையும் மாலையும் கஷாயம். "கசந்தாத்தானே தம்பி மருந்து" என்பார் மதினி. அந்த நாலு மாதத்தில் அக்குளில் நெறி கட்டிவிட்டது. பிறகு அறுத்தார்கள். இருக்கிறார். வலது கை வீக்கம் மட்டும் வடியவில்லை.

இலை என்றாலே மூடநம்பிக்கை என்று கைகழுவிவிடும் நண்பர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் பக்கம் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கும் நித்தியகல்யாணியை நீரிழிவுக்காகத்தான் கனடாவில் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளணுக்கள் குறைந்தன. அதைப் பின்தொடர்ந்து ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் 1958இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் வந்த வினோரெல்பின் மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். கிடைத்ததை நாளத்தில்தான் ஏற்ற வேண்டும். நல்ல வெள்ளணுக்களையும் அது விட்டுவைப்பதில்லை என்பதால், ஒவ்வொரு முறையும் ரத்தத்தை எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள்.