பக்கெட்டுக்கு இரண்டு கொக்கி

அண்ணன் தம்பி இரண்டு பேர். சோழவந்தான் பக்கம் கொஞ்சம் வயல், கொஞ்சம் தென்னந்தோப்பு. பெயர் எதற்கு, அண்ணன், தம்பி என்றே வைத்துக்கொள்வோம். தென்னை வரிசைக்குள் பெரிய டிராக்டரைத் திருப்ப முடியாது என்று சின்ன டிராக்டர் ஒன்று வாங்கி, அதன் முன்னால் லோடரும் மாட்டியிருந்தார்கள். எரு அள்ளுவது, மண் தள்ளுவது, வரப்பை ஒதுக்குவது எல்லாம் அதில்தான்.

பக்கெட் என்பது அள்ளுவதற்குத்தான். ஆனால் வீட்டில் இப்படி ஒரு வண்டி நின்றால் அள்ளுவதோடு விட்டுவிடுவோமா? மோட்டாரைத் தூக்கு, கிணற்று உறையை இறக்கு, சாய்ந்த தென்னையை நகர்த்து... எல்லாவற்றுக்கும் ஒரே வழிதான், பக்கெட் பல்லில் சங்கிலியைச் சுற்றித் தூக்குவது. முன்பெல்லாம் முக்காலியும் கப்பியும் கட்டி நாலு பேர் சேர்ந்து இழுத்த வேலை இப்போது ஒரு லீவரில் முடிந்துவிடுகிறது. சுகமாகத்தான் இருக்கிறது!

ஒருநாள் வேலிக்குக் கல் ஊன்றுகால் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறடி நீளம், ஆறு அங்குல அகலம், நாலு அங்குலக் கனம் உள்ள கல்லைக் கணக்குப் போட்டால் சரியாக ஒரு கன அடி வரும். கருங்கல் என்றால் ஏறக்குறைய 75 கிலோ. பக்கெட்டை லேசாகக் கவிழ்த்ததும் சங்கிலி பல்லிலிருந்து வழுகிவிட்டது. கல் விழுந்த இடத்துக்கும் தம்பியின் காலுக்கும் நடுவில் ஒரு சாண். அன்றைக்கு அதற்குப் பிறகு யாரும் வேலை செய்யவில்லை.

மறுநாளே அண்ணன் பழைய இரும்புக் கடையில் கனமான கொக்கி ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு மதுரைக்குள் ஒரு வெல்டிங் பட்டறைக்கு வண்டியை ஓட்டி வந்துவிட்டார்.

"அண்ணே, இந்தக் கொக்கிய பக்கெட்டு மேல நட்டநடுவுல வச்சு ஒட்டி விடுங்க. பத்து நிமிச வேலைதான?"

"ஒட்டிரலாம்ணே. பத்து நிமிசத்துல ஒட்டுனது பத்து நாள்ல பிச்சுக்கிட்டு வரும், பரவாயில்லையா?"

பட்டறைக்காரர் கொக்கியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார். அவர் செய்தது சரி. கிரேனிலும் செயின் பிளாக்கிலும் வருகிற கொக்கிகளைச் சூடேற்றி, குளிரவைத்து, பதம் ஏற்றித்தான் செய்கிறார்கள். அந்தப் பதத்தில்தான் அதன் பலமே இருக்கிறது. வெல்டிங் சூடு பட்டால் பதம் கெட்டுவிடும். ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே கண்ணாடி மாதிரி நொறுங்கவும் செய்யும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதுதான் மோசம். ஒட்டுவதற்கென்றே அடிப்பாகம் தட்டையாக வைத்து, அதற்கு ஏற்ற இரும்பில் செய்த கொக்கிகள் தனியாக இருக்கின்றன. வாய் குறுகலாக, சங்கிலியின் ஒரு கண்ணி மட்டும் குறுக்காக நுழைந்து மாட்டிக்கொள்கிற மாதிரி இருக்கும். அதில் மாட்டிய சங்கிலி நகராது, நீளத்தையும் வேண்டிய மாதிரி கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்த சண்டை இடத்தைப் பற்றி. நடுவில்தானே சுமை நேராகத் தொங்கும் என்பது அண்ணனின் வாதம். பார்க்க நியாயமாகத்தான் படும். ஆனால் சின்ன டிராக்டர் பக்கெட்டின் மேல் விளிம்பு மெல்லிய தகடு. மண்ணோடு உரசுகிற கீழ் விளிம்புக்குத்தான் தடித்த பட்டை வைத்திருப்பார்கள். மேலே நடுவில் பிடித்து இழுத்தால் கொக்கி அசையாமல் இருக்கும், பக்கெட் வளைந்துவிடும். லோடரின் இரண்டு கைகளும் பக்கெட்டைப் பிடிக்கிற இடத்துக்கு நேர் மேலே ஆளுக்கொன்றாக வைத்தால் சுமை நேராகக் கைகளுக்கு இறங்கிவிடும். அதையும் வெறும் விளிம்பில் ஒட்டாமல், முதலில் நீளமான தடித்த பட்டை ஒன்றை ஒட்டி அதன் மேல் கொக்கியை ஒட்ட வேண்டும். கொக்கியின் வாய் டிரைவர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், அப்போதுதான் சங்கிலி முன்னால் இழுக்கும்போது இன்னும் உள்ளே போய் உட்காரும்.

இரண்டு கொக்கி என்றால் சுமை பாதிப் பாதி என்று நினைத்துவிடக் கூடாது. இங்கேதான் பள்ளிக்கூடத்தில் தூங்கிக்கொண்டே கேட்ட இயற்பியல் வேலைக்கு வருகிறது. 300 கிலோவை இரண்டு சங்கிலி நேராகத் தொங்கித் தூக்கினால் ஆளுக்கு 150. சங்கிலிகள் சாய்ந்து தரைமட்டத்துக்கு 60 டிகிரியில் நின்றால் ஒவ்வொன்றிலும் 173 கிலோ இழுவை. 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொன்றிலும் முழுசாக 300! சங்கிலியைக் குட்டையாகக் கட்டினால் பத்திரம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நடப்பது தலைகீழ்.

வேலை தொடங்கியதும் பட்டறைக்காரர் செய்த முதல் காரியம் பாட்டரி வயரைக் கழற்றியது. இரண்டாவது, எர்த் கிளிப்பைப் பக்கெட்டிலேயே கடித்தது. டிராக்டர் பின்பக்கம் எங்கோ எர்த் கொடுத்தால் கரண்ட் லோடரின் பின், புஷ் எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து வரும், உள்ளே பொரிந்துபோய்விடும். பிறகு பெயிண்டைக் கிரைண்டர் போட்டு வெள்ளி மாதிரி எடுத்தார். ராடு விஷயத்திலும் கறார். கேட்டு, கிரில்லுக்கு ஓட்டுகிற 6013 வேண்டாம், 7018தான் என்றார். அந்த ராடுக்கு ஈரம் ஆகாது. ஈரம் பட்டால் அதிலிருந்து வருகிற ஹைட்ரஜன் ஒட்டுக்குள் புகுந்து, வேலை முடிந்து மணிக்கணக்கு ஆன பிறகுகூட விரிசல் விடும். வெயிலில் காயவைத்தால் போதும் என்பது நம் ஊர்ப் பழக்கம் (மதுரை வெயிலே ஆனாலும் போதாது!). அதற்கென்று உள்ள அடுப்பில் 300 டிகிரியை ஒட்டிச் சூடேற்ற வேண்டும். இவர் அப்போதுதான் பிரித்த பாக்கெட்டை எடுத்தார்.

மூன்று மணி நேரம் ஆனது. அண்ணன் நாலு டீ குடித்துவிட்டார்.

கொக்கி உறுதியாகிவிட்டால் ஆபத்து தீர்ந்ததா என்றால், இடம் மாறுகிறது, அவ்வளவுதான். இனி முதலில் தோற்கப்போவது டிராக்டர். முன்னால் சுமை ஏற ஏற முன் அச்சு ஊன்றுகோல் மாதிரி ஆகிப் பின்சக்கரங்கள் லேசாகிவிடும். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களில்தான் இருக்கிறது. கண்மாய்க் கரைச் சரிவில் சுமையோடு இறங்குகிறவர் பிரேக்கை மிதித்தால் பிடிமானமே இருக்காது என்பதை யோசித்துப் பாருங்கள். அதனால்தான் பின்னால் ரோட்டவேட்டரையோ வேறு கனத்தையோ மாட்டிக்கொண்டு, சுமையை முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்காமல் மெதுவாகப் போகச் சொல்கிறார்கள். மண் பக்கெட்டுக்குள் அசையாமல் இருக்கும், தொங்குகிற கல் ஊஞ்சல் ஆடும். சீமைக்கருவேலத் தூரைக் கொக்கியில் மாட்டிப் பிடுங்குகிற ஆசையும் பலருக்கு உண்டு. தூர் எவ்வளவு பிடித்து இழுக்கும் என்று யாருக்கும் தெரியாது. அது கூடவே கூடாது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 29ஆம் பிரிவு இதற்கென்றே இருந்தது. தூக்குகிற சங்கிலி, கயிறு எதுவானாலும் தகுதியுள்ள ஒருவர் வருடத்துக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும், எவ்வளவு எடை தாங்கும் என்று அதன் மேலேயே தெளிவாகக் குறிக்க வேண்டும், அதற்கு மேல் ஏற்றக் கூடாது. அதெல்லாம் ஆலைக்குள். டிராக்டர் செய்கிற ஆலை திண்டுக்கல் சாலையில் கல்லடிப்பட்டியிலேயே இருக்கிறது, அங்கே ஒவ்வொரு போல்ட்டுக்கும் கணக்கு இருக்கும். அதே வண்டி நாலு ஊர் தாண்டித் தோப்புக்கு வந்து சேர்ந்ததும் சோதிக்கிற அதிகாரி யார்? கறுப்புக் கண்ணாடி போட்ட அந்தப் பட்டறைக்காரர் மட்டும்தான். அவர் அன்றைக்கு அவசரத்தில் இருந்திருந்தால் அதோடு சரி.

கிளம்பும்போது அவர் கேட்டார், "லோடர் புக்குல எம்புட்டுத் தூக்கும்னு போட்ருக்குண்ணே?"

"ஐநூறு கிலோ."

"அது பின்னுகிட்ட வச்சுத் தூக்குற கணக்கு. பக்கெட்டு வெயிட்டும் அதுலயே போகும். நீங்க முந்நூறோட நிப்பாட்டிக்கங்க."

அண்ணன் வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் பெயிண்டும் பிரஷும் எடுத்துவரச் சொல்லி, பக்கெட்டின் பின்பக்கம், ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேராக, 300 என்று பெரிதாகத் தன் கையாலேயே எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணல்தான். சாயங்காலம் பால் எடுக்க வந்த பக்கத்துத் தோட்டக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "என்னப்பு, மணிக்கு முந்நூறு ரூவா வாடகையா?" என்று கேட்டார்.

தம்பி கல்லிலிருந்து பத்தடி தள்ளியே நின்றுகொண்டிருந்தான்.