டேஷ்போர்டைக் கழற்ற விடாதே

அன்புள்ள வித்யாவுக்கு,

உன் மெயிலைப் படித்ததிலிருந்து மனசு அங்கேயே கிடக்கிறது. மினியாபொலிஸ் ஜனவரியில், மைனஸ் 20 டிகிரியில், பின் சீட்டில் பாப்பாவை வைத்துக்கொண்டு குளிர்காற்று அடிக்கிற காரை ஓட்டுவது சாதாரண விஷயம் இல்லை. ஹீட்டர் கோர் போய்விட்டது, டேஷ்போர்டைக் கழற்றிப் புதுசு போட வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் எழுதிக் கொடுத்த தொகையையும் பார்த்தேன். அதற்குச் சரி சொல்லிவிடாதே.

நீ எழுதியதில் இரண்டு விஷயம் எனக்குப் போதும். வேகமாகப் போகும்போது கொஞ்சம் சூடு வருகிறது, சிக்னலில் நின்றதும் ஜில்லென்று ஆகிவிடுகிறது என்கிறாய். காலையில் வண்டியை எடுத்ததும் டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் களகளக்கிற சத்தம் கேட்கிறது என்கிறாய். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால், பெரும்பாலும் கூலன்ட் குறைந்து உள்ளே காற்று புகுந்திருக்கும்.

உன் காரில் ஹீட்டருக்கென்று தனி அடுப்பு கிடையாது. என்ஜினில் வீணாகப் போகிற சூட்டைத்தான் அது உனக்குத் தருகிறது. என்ஜினைச் சுற்றி 90 டிகிரி அளவுக்குச் சூடான கூலன்ட், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்குள் போய்த் திரும்பும். அதன் ஊடாக ஃபேன் காற்றைத் தள்ளும். அந்தக் குட்டி ரேடியேட்டர்தான் ஹீட்டர் கோர். கூலன்ட் குறைந்தால் அதற்குள் காற்று அடைத்துக்கொள்ளும். என்ஜின் வேகமெடுக்கையில் வாட்டர் பம்ப் அழுத்தித் தள்ளுவதால் கொஞ்சம் சூடு வரும். நின்றுவிட்டால் தள்ளுவதற்கு வலு இருக்காது.

அதனால் மாப்பிள்ளையிடம் சொல்லி, காலையில் வண்டி நன்றாக ஆறிக் கிடக்கும்போது பானெட்டைத் திறந்து பார்க்கச் சொல். பக்கவாட்டில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் கூலன்ட் கீழ்க்கோட்டுக்குக் கீழே இருக்கிறதா, ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் விளிம்பு வரை நிறைந்திருக்கிறதா, இரண்டையும் பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது மட்டும் அந்த மூடியைத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் முகத்தில் பீய்ச்சி அடித்துவிடும்.

குறைந்திருந்தால், கார் மேனுவலில் போட்டிருக்கும் அதே வகைக் கூலன்டை வாங்கி ஊற்றச் சொல். சேலத்தில் அப்பா அம்பாசிடருக்குப் பச்சைத் தண்ணீரையே ஊற்றி ஓட்டினாரே, அந்த வேலை அங்கே ஆகாது. தண்ணீர் உறைந்து விரிந்தால் என்ஜின் பிளாக்கே விண்டுவிடும். கூலன்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி என்றால் மைனஸ் 37 வரை தாங்கும். பாதி கலந்தே விற்கிறார்கள், அதை வாங்குங்கள். மிச்சத்தைப் பாப்பா கைக்கு எட்டாமல் வை. இனிப்பாக இருக்கும், ஆனால் கொடிய விஷம்.

ஊற்றினால் மட்டும் போதாது, காற்று வெளியேற வேண்டும். காரின் முன்பக்கம் சற்று ஏறி நிற்கிற சரிவில் நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்தபடியே என்ஜினை ஓட விட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைக்க வேண்டும். குமிழ் குமிழாகக் காற்று வரும். மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருந்து, குமிழ் நின்றதும் மூட வேண்டும். இதைத் திறந்தவெளியில் செய்யுங்கள். குளிருகிறது என்று கராஜுக்குள் நிறுத்தி என்ஜினை ஓட்டவே கூடாது. புகை உயிரை வாங்கிவிடும். சில கார்களுக்குக் காற்றை எடுக்கத் தனி முறை உண்டு, மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூலன்ட் நிறைவாகவே இருந்தால் கதை வேறு. வெப்பமானி முள் எவ்வளவு ஓட்டினாலும் அடியிலேயே கிடந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கும், மலிவான சாமான்தான். முள் நடுவில் நிற்கிறது, ஆனாலும் குளிர்காற்று என்றால், என்ஜின் பக்கத்திலிருந்து டேஷ்போர்டுக்குள் போகும் இரண்டு ரப்பர் குழாய்களையும் தொட்டுப் பார்க்க வேண்டும், பெல்ட்டும் ஃபேனும் ஓடும் பக்கம் கை போகாமல். இரண்டும் சுட்டால் கோர் நன்றாக இருக்கிறது. சூட்டுக்கும் குளிருக்கும் வழி மாற்றும் உள்கதவு மாட்டிக்கொண்டிருக்கும். ஒன்று சுட்டு மற்றது சில்லென்றிருந்தால்தான் கோரில் அடைப்பு என்று சந்தேகப்பட வேண்டும். அப்போதும் முதலில் குழாயைக் கழற்றித் தண்ணீர் விட்டு அலசிப் பார்க்கச் சொல். அலசியும் சரியாகவில்லை என்றால் டேஷ்போர்டைத் தொடட்டும்.

எனக்கு ஹீட்டரைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. கூலன்ட் தானாகக் குறையாது, எங்கோ ஒழுகியிருக்கிறது. வண்டிக்கு அடியில் ஈரம் இருக்கிறதா, முன் சீட்டுக்குக் கீழே கார்ப்பெட் நனைந்திருக்கிறதா, கண்ணாடி எண்ணெய்ப் பிசுக்காகப் பனிக்கிறதா, உள்ளே இனிப்பு வாடை வருகிறதா என்று பாருங்கள். கார்ப்பெட் நனைந்து வாடையும் வந்தால் ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது சரி, கோரிலேயே ஒழுக்கு. சூடேறிய பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கெட்டாக இருக்கலாம். அப்படியானால் வண்டியை எடுக்கவே வேண்டாம். ஊற்றி ஊற்றி ஓட்டினால் ஒருநாள் என்ஜின் சூடேறி நின்றுவிடும், அந்தக் குளிரில், நடுவழியில்.

சரியாகும் வரை பாப்பாவை அந்தக் காரில் கூட்டிப் போகாதே. ஹீட்டர் இல்லாமல் முன்கண்ணாடிப் பனியும் விலகாது. நாளைக் காலை டப்பாவைப் போட்டோ எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொல்கிற வரை ஒர்க்‌ஷாப்புக்குப் பணம் கட்டாதே.

அன்புடன்,
அண்ணன்