மரம் வளர்க்கவா படிக்க வைத்தோம்?

பொங்கல் லீவுக்கு என் பெண் தன் கல்லூரித் தோழிகள் மூன்று பேரைப் பனமலைக்கு அழைத்து வந்திருந்தாள். எல்லாரும் தாவரவியல், கடைசி வருஷம். மலைமேல் தாளகிரீசுவரர் கோயிலில் ராஜசிம்ம பல்லவன் காலத்துப் பார்வதி ஓவியத்தைப் பார்த்துவிட்டுப் பசியோடு இறங்கி வந்தார்கள். பனங்கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்துக் கொடுத்தேன். நார் உரித்தபடியே பேச்சு வளர்ந்தது.

"படிப்பு முடிஞ்சதும் என்னம்மா செய்யப் போறீங்க?" என்று கேட்டேன்.

ஒருத்திக்கு பேங்க் பரீட்சை. இன்னொருத்திக்கு பி.எட். மூன்றாமவள், "மரம், காடுன்னா எனக்கு உசிரும்மா. ஆனா மாசச் சம்பளம் இல்லாத வேலைக்கு வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க" என்றாள்.

என் பெண் மட்டும், "நான் நாற்றுப் பண்ணை வைக்கப் போறேன்" என்றாள்.

"மரம் வளர்க்கவா உன்னைப் படிக்க வெச்சோம்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

ராத்திரி தூக்கமே வரவில்லை. என் அப்பா பனையேறி. பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு 'விவசாயம்' என்று எழுதிக் கொடுத்தவள் நான். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் அவர் இறக்கிய பதநீர்தான் எனக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தந்தது. சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளித்துப்போகும். அந்தப் பக்குவமும் ஒரு படிப்புதானே? என் பழைய கூச்சத்தைப் பெண் தலையில் கட்டப் பார்த்தேனோ?

காலையில் அவளைக் கூப்பிட்டு, "எப்படிக் கட்டுப்படியாகும், சொல்லு" என்றேன்.

"பனை பலன் தர 15 வருஷம் போல ஆகும்மா. சவுக்கு நாலஞ்சு வருஷத்துல வெட்டுக்கு வந்துடும். காகித ஆலைக்குப் போகும், சாரத்துக்கும் கேப்பாங்க. அதோட வேர்முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். நாத்துன்னா சில மாசத்துலயே காசு" என்றாள். 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்கப் பார்க்கிறதாம். அத்தனைக்கும் நாற்று வேண்டுமே!

கிணற்றடி ஓரம் அரை சென்ட் இடத்தை ஒரு வருஷத்துக்குக் கொடுத்திருக்கிறேன். வரவு செலவை நோட்டில் எழத வேண்டும், பி.எட்.டுக்கும் மனுப் போட வேண்டும் என்பது என் நிபந்தனை.

சகோதரிகளே, உங்கள் பிள்ளையும் இப்படிக் கேட்டால், சட்டென்று மறுக்காமல் முதலில் கணக்கைக் கேளுங்கள். பண்ணைப் பலகையில், 'பனையேறி பேத்தி' என்று எழுதப் போகிறாளாம். எழுதட்டும்!