தகரக் கூரையின் கீழ்

கண்டிக்குக் குளிர்சாதனமும் வேண்டா, கணப்பும் வேண்டா என்பர். ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள நகர வீடுகளுக்கு அது பொருந்தலாம். ஹந்தானைச் சரிவில் நான் வளர்ந்த லயத்துக்குப் பொருந்தாது. நண்பகலில் தகரக் கூரை அனலைக் காம்பராவுக்குள் இறக்கும். இரவில் அதுவே விரைந்து குளிர, அடுப்பின் ஆவியும் எங்கள் மூச்சும் அதன் அடியில் நீராகிச் சொட்டும். அம்மா கூரையின் கீழே உரச்சாக்குகளைத் தைத்துக் கட்டினார். வெக்கையும் சொட்டும் தணிந்தன, பூஞ்சணம் பிடித்தது. ஆகவே, வெயிலுள்ள ஞாயிறுகளில் அவற்றைக் கழற்றி இஸ்தோப்பின் முன்னே உலர்த்துவோம். சாளரம் இருந்திருப்பின் பாதித் துன்பம் நீங்கியிருக்கும். பிரித்தானியர் காலத்தில் முதுகோடு முதுகாகக் கட்டிய லயத்திலே பின்சுவர் அயலவருக்கும் உரியது. அதில் எங்ஙனம் சாளரம் திறப்பது? அப்பா முன்சுவரின் உச்சியில் இரு கற்களைப் பெயர்த்தார். புகை வெளியேறிற்று; மார்கழிக் குளிர் உட்புகுந்தது. இரவில் அத்துளையைச் சாக்கால் அடைப்பது என் பணியாயிற்று.