கண்டலம குளக்கரையில்

இலங்கையின் தம்புள்ளை நகரைக் கடந்து கிழக்கே திரும்பியதும் சாலை குறுகிக் காடு நெருங்கி வருகிறது. வாகனத்தை ஓட்டி வந்த மாத்தளைச் சகோதரர், "ஹோட்டல் வந்துவிட்டது" என்றார். பிள்ளைகள் எட்டிப் பார்த்தனர். கட்டடம் எதுவும் தென்படவில்லை. பாறையும் அதன்மேல் படர்ந்த கொடிகளுமே தெரிந்தன. கொடிகளுக்குப் பின்னால்தான் 152 அறைகள் கொண்ட ஹெரிட்டன்ஸ் கண்டலம ஒளிந்திருந்தது.

கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த இவ்விடுதி 1994இல் திறக்கப்பட்டது. (பாவாவின் தந்தைவழிப் பாட்டனார் முஸ்லிம் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.) மலையை வெட்டிச் சமன் செய்யாமல், தூண்களை ஊன்றிக் கட்டடத்தை அவற்றின்மேல் நிறுத்தியிருக்கிறார். மலையில் பெய்யும் மழைநீர் அடியில் ஓடிக் குளத்தைச் சேர்கிறது. குளத்துக்கு அப்பால் சிகிரியாக் குன்று நிற்கிறது.

இன்று போற்றப்படும் இவ்விடுதிக்கு அன்று கடும் எதிர்ப்பு எழுந்தது. பௌத்த பிக்குகளும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் கிளர்ச்சி செய்தனர். விடுதியின் கழிவு பழம்பெரும் கண்டலம குளத்தைக் கெடுத்துவிடும் என்பது அவர்களுடைய அச்சங்களுள் ஒன்று. அது நியாயமான அச்சமே. அக்குளத்து நீரை நம்பி வயல்கள் இருக்கின்றன.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லீட் பசுமைச் சான்றிதழ் இவ்விடுதிக்குக் கிடைத்தது. ஆயினும் சான்றிதழ் குளத்தைக் காக்குமா? நாள்தோறும் குப்பையைப் பிரிப்பதும், கழிவுநீர் சுத்திகரிப்பைக் கண்காணிப்பதும் பணியாளர்களின் கைகளே. அவர்களுள் சுற்றுப்புறக் கிராமத்தாரும் உள்ளனர்.

முன்பொருமுறை வேறொரு நகரத்து விடுதியில் தங்கினோம். "துண்டை மாட்டி வைத்தால் மீண்டும் பயன்படுத்துவீர்கள் எனக் கொள்வோம்" என்ற அட்டை அங்கே குளியலறையில் இருந்தது. மாட்டி வைத்தோம். மாலையில் வந்து பார்த்தால் எல்லாத் துண்டுகளும் சலவைக்குப் போயிருந்தன! அறைப் பணியாளரிடம் கேட்டேன். "ஒரு நாளில் எத்தனை அறை முடித்தோம் என்றுதான் எங்களைக் கேட்பார்கள், ஐயா. அட்டையை யார் பார்க்கிறார்கள்?" என்றார். அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை.

நிர்வாகவியலார் இப்போது பசுமை மனிதவள மேலாண்மை என்றொரு பெயரைச் சொல்கிறார்கள். பெயர் மிரட்டினாலும் பொருள் எளியதே. ஆளெடுக்கும்போதும், பயிற்சியிலும், ஊதிய உயர்விலும், பாராட்டிலும் நீரையும் மின்சாரத்தையும் சேமிப்பதைக் கணக்கில் கொள்ளவேண்டும் என்பார்கள். அந்த அட்டையை எழுதியவர்கள் இதைத்தான் மறந்துவிட்டார்கள்.

கண்டலமவில் மாட்டிய துண்டு மாட்டியபடியே இருந்தது. அறையைக் கவனித்த சிங்கள இளைஞரிடம் ஓட்டுநர் மூலம் பேசினேன். குளத்துக்குக் கீழே அவருடைய தகப்பனாருக்கு வயல் இருக்கிறதாம். "இங்கே பிழை செய்தால் வீட்டுக்குப் போய்ப் பதில் சொல்லவேண்டும்" என்று சிரித்தார். எந்தப் பயிற்சி வகுப்பும் இதைவிட அழுத்தமாகச் சொல்லிவிடுமா? இருந்தாலும் வயல் இல்லாதவரும் அவரோடு வேலை செய்கிறார். அவருக்கு வகுப்பும் வேண்டும், பாராட்டும் வேண்டும், சம்பளத்தில் ஒரு பங்கும் வேண்டும்.

மறுநாள் வைகறையில் ஒளுச் செய்தபோது குழாயை வழக்கத்தைவிடக் குறைத்தே திறந்தேன். ஜன்னலுக்கு வெளியே குளம் மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது.