டாலர் பிறந்த ஊரு!

கேம்பஸ் இன்டர்வியூவில் டாலர், ஆன்சைட் கனவில் டாலர், அம்மா செயினில் தொங்குற முருகனும் டாலர்! இந்தப் பேருக்குச் சொந்த ஊர் அமெரிக்கா இல்லை பாஸ்... செக் குடியரசில், ஜெர்மன் எல்லையோரம் இருக்கிற யாஹிமோவ். எக்ஸ்சேஞ்ச் செமஸ்டருக்கு ஜெர்மனி வந்தவன், ஒரு லீவு நாளில் கார்லோவி வாரி போய், அங்கிருந்து பஸ் பிடிச்சுட்டேன்.

மலைகளுக்கு நடுவே ஏறிக்கிட்டே போற ஒரே நீளத் தெரு. அவ்வளவுதான் ஊர்! இன்னிக்கு 3,000 பேர்கூட இல்லை. ஆனா, 1516-ல் இங்கே வெள்ளி கிடைச்சதும் கூட்டம் அள்ளிச்சு. 1530-களில் சுமார் 18,000 பேர்!

ஊரை ஆண்ட ஷ்லிக் பிரபுக்கள் 1520 வாக்கில் வெள்ளிக்காசு அடிச்சாங்க. ஒரு பக்கம் புனித யோவாகிம், மறுபக்கம் சிங்கம். ஊரோட ஜெர்மன் பேர் யோவாகிம்ஸ்டால். 'டால்'னா பள்ளத்தாக்கு. காசு 'யோவாகிம்ஸ்டாலர்' ஆகி, சுருங்கி 'டாலர்' ஆச்சு.

அப்படி என்ன விசேஷம்? சில்லறையை மூட்டை கட்டிச் சுமந்த வியாபாரிகளுக்கு, ஒரு தங்கக்காசின் மதிப்பு ஒரே வெள்ளிக்காசில் கிடைச்சது. எடை கிட்டத்தட்ட 29 கிராம். மத்த நாடுகளும் அதே சைஸில் அடிக்க ஆரம்பிச்சாங்க. ஸ்பெயினின் 8 ரியால் காசையும் ஆங்கிலேயர்கள் டாலர்னே கூப்பிட்டாங்க. அது அமெரிக்காவில் சகஜமா புழங்க, 1785-ல் அந்த நாடு தன் பணத்துக்கும் அதே பேரை வெச்சுக்கிட்டது.

பழைய நாணயச்சாலை இப்போ மியூசியம். கண்ணாடிக்குப் பின்னாடி சுத்தியலால் அடிச்ச காசுகள் பளபளன்னு இருக்கு. அதைத் தோண்டினவங்க கதைதான் கறுப்பு. வெள்ளியோட கிடைச்ச கறுப்புக் கல்லை வேண்டாம்னு ஒதுக்கினாங்க. அதுக்குள்ளே இருந்தது யுரேனியம்! இந்த ஊர்க் கல்லிலிருந்துதான் 1898-ல் கியூரி தம்பதி ரேடியத்தைக் கண்டுபிடிச்சாங்க. தலைமுறை தலைமுறையா இங்கே சுரங்கத் தொழிலாளிகள் நுரையீரல் நோயில் செத்ததுக்கு, ரேடான் வாயு தந்த புற்றுநோய் ஒரு பெரிய காரணம்னு 20-ம் நூற்றாண்டில்தான் புரிஞ்சது. 1948-க்கு அப்புறம் வந்த கம்யூனிஸ்ட் ஆட்சியோ, அரசியல் கைதிகளை யுரேனியம் தோண்ட அதே சுரங்கங்களுக்குள் இறக்கியது.

டாலர் சம்பள ஆசை எனக்கும் உண்டு. அதோட ஒரு நினைப்பும் சேர்ந்துக்கிச்சு. நாளைக்கு நாமளும் மெஷின் டிசைன் பண்ணுவோம், எதையாவது தோண்டுவோம். லாபக் கணக்கு போடும்போது, உள்ளே இறங்குறவரோட மூச்சையும் சேர்த்துக்குவோமே மக்கா!